மின்சாரம் நின்றால் எத்தனை மணித்தியாலம்? மன்னாரில் வீட்டு மருத்துவக் கருவிகளுக்கான மாற்று மின்சாரம்

மன்னார் தீவின் தென்கரையில் 'தம்பபவனி' காற்றாலைப் பூங்காவின் 30 காற்றாலைகள் 2020 டிசம்பரில் இருந்து இயங்கி வருகின்றன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு சுமார் 100 மெகாவாட். ஆனால் நாட்டின் மின்வலையமைப்பு செயலிழந்தால், அந்தக் காற்றாலைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வீடும் இருட்டாகிவிடும். அங்கு உற்பத்தியாகும் மின்சாரம் தேசிய வலையமைப்புக்குள் போய், பிறகுதான் வீடுகளுக்கு வருகிறது. வலையமைப்பில் மின்சாரம் இல்லாத வேளையில் காற்று எவ்வளவு பலமாக வீசினாலும் அந்த ஆலைகள் தனித்து நின்று ஊருக்கு மின்சாரம் தரமாட்டா.

பெரும்பாலான வீடுகளுக்கு மின்தடை என்பது மின்விசிறி நிற்பதும் தொலைபேசி சார்ஜ் இறங்குவதும்தான். ஒட்சிசன் கருவியோடு வாழும் முதியவர், போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டுக் காற்றுப் படுக்கையில் இருப்பவர், தொண்டையில் துளையிடப்பட்டுச் சளி உறிஞ்சும் கருவியை நம்பியிருப்பவர், இன்சுலின் ஏற்றும் நீரிழிவு நோயாளி ஆகியோர் இருக்கும் வீடுகளில் நிலைமை வேறு. அங்கே 'கரண்ட் ஏன் போனது' என்பதைவிட 'கையில் இருப்பது எத்தனை மணித்தியாலம் தாங்கும்' என்பதே முக்கியமான கேள்வி. அந்தக் கணக்கை மின்சாரம் இருக்கும்போதே போட்டு வைப்பதற்கான விளக்கம் இது.

மின்தடை ஒரே மாதிரி வருவதில்லை

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று கூறப்பட்டது. பல மணித்தியாலங்களுக்குப் பிறகே மின்சாரம் படிப்படியாகத் திரும்பியது. 2023 டிசம்பர் 9ஆம் திகதியும் இப்படி நாடளாவிய மின்தடை ஏற்பட்டது. இவை முன்னறிவிப்பு இல்லாமல் வந்து சில மணித்தியாலங்களில் முடிபவை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வந்தது இரண்டாவது வகை. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. நேர அட்டவணை இருந்தது. ஆனால் ஜெனரேற்றருக்கு ஊற்ற எரிபொருள் இல்லை.

மூன்றாவது, புயலும் வெள்ளமும் கொண்டுவருவது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் 'புரெவி' புயல் கிழக்குக் கரையில் ஏறி, வடக்கைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின்போது நாட்டின் பல மாவட்டங்களில் மின்சாரமும் வீதியும் தொலைபேசியும் ஒன்றாகவே துண்டிக்கப்பட்டன. இத்தகைய வேளையில் மின்சாரம் திரும்ப நாட்கள் ஆகலாம். மின்சார சபை ஊழியர்கள் வருவதற்கு வீதி முதலில் திறக்க வேண்டும்.

எனவே ஒரு வீட்டின் ஏற்பாடும் மூன்று படியாக இருக்க வேண்டும். முதல் சில நிமிடங்கள், அடுத்த சில மணித்தியாலங்கள், ஒரு நாளைத் தாண்டினால் என்ன என்பதே அந்த மூன்று. ஒரே ஒரு கருவியை வாங்கி இந்த மூன்றையும் சமாளிக்க முடியாது.

அன்று இல்லாத ஆபத்து

'போர்க்காலத்தில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாமல்தானே இருந்தோம்' என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரிகூட வன்னிக்குள் கொண்டுபோக முடியாத பொருளாக இருந்தது. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள்.

ஆனால் அன்று ஒட்சிசன் செறிவாக்கியோ காற்றுப் படுக்கையோ சாதாரண வீடுகளில் இருக்கவில்லை. அவை தேவைப்பட்டவர்கள் வைத்தியசாலையில் இருந்தார்கள், அல்லது பிழைக்கவில்லை. போருக்குப் பிறகு மின்சாரம் கிராமங்களுக்கு வந்ததும் கருவிகளும் வீட்டுக்கு வந்தன. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் அனுப்பினார்கள், தொண்டு அமைப்புகள் கொடுத்தன, சிலர் கடன்பட்டு வாங்கினார்கள். அதனால் பலர் வீட்டிலேயே உறவினர் நடுவில் வாழ முடிகிறது. அதே காரணத்தால், மின்தடை என்பது இன்று ஒரு புதிய ஆபத்து. மின்சாரம் இல்லாமல் வாழ்ந்து பழகிய அனுபவம் ஒட்சிசன் கருவிக்கு உதவாது.

முதல் வேலை: வாட் கணக்கு

ஒவ்வொரு கருவியின் பின்புறத்திலும் அடியிலும் ஒட்டப்பட்டுள்ள தகட்டில் அது எத்தனை வாட் மின்சாரம் எடுக்கும் என்று எழுதியிருக்கும். வாட் இல்லாமல் அம்பியர் மட்டும் இருந்தால், அதை 230ஆல் பெருக்கினால் ஏறத்தாழ வாட் கிடைக்கும். பொதுவாகக் காணப்படும் அளவுகள் இவை:

- ஒட்சிசன் செறிவாக்கி, 5 லீற்றர் வகை: சுமார் 300 முதல் 350 வாட். 10 லீற்றர் வகை: 500 வாட்டுக்கு மேல்.
- தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவோர் பயன்படுத்தும் சீபாப்: 30 முதல் 60 வாட். நீரைச் சூடாக்கும் பகுதியையும் போட்டால் இதைவிட அதிகம்.
- சளி உறிஞ்சும் கருவி: சுமார் 100 வாட், ஆனால் ஒரு தடவைக்குச் சில நிமிடங்கள் மட்டுமே.
- நெபுலைசர்: 100 முதல் 180 வாட், ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் அளவில்.
- காற்றுப் படுக்கையின் பம்ப்: சுமார் 10 வாட்.
- குளிர்சாதனப் பெட்டி: ஓடும்போது 100 முதல் 150 வாட், ஆனால் மோட்டார் தொடங்கும் கணத்தில் இதைவிடப் பல மடங்கு.

இந்தப் பட்டியலில் ஒட்சிசன் செறிவாக்கியே கடினமானது. அதிக மின்சாரம் எடுப்பதோடு, பலருக்கு அது இடைவிடாமலும் ஓட வேண்டும். 350 வாட் கருவி 24 மணித்தியாலம் ஓடினால் 8.4 யூனிட் செலவாகும். ஒட்சிசன் அளவை 5 லீற்றரிலிருந்து 2 லீற்றருக்குக் குறைத்தாலும் கருவி எடுக்கும் மின்சாரம் அதே விகிதத்தில் குறையாது. உள்ளே இருக்கும் மோட்டார் ஓடித்தான் ஆக வேண்டும்.

மறுபுறம், காற்றுப் படுக்கையும் சீபாப்பும் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுபவை. இவற்றுக்காகப் பெரிய ஜெனரேற்றர் வாங்கத் தேவையில்லை.

மின்சாரமே தேவைப்படாத மாற்றுகள்

பற்றரியைப் பற்றி யோசிக்கும் முன், மின்சாரம் இல்லாமல் அதே வேலையைச் செய்யும் பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதுதான் மலிவானது, நம்பகமானது.

ஒட்சிசனுக்கு அந்த மாற்று சிலிண்டர். அது எவ்வளவு நேரம் வரும் என்று கணக்கிடுவது எளிது. சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை மீற்றர் காட்டும் அழுத்தத்தால் பெருக்கினால் உள்ளே இருக்கும் ஒட்சிசனின் அளவு லீற்றரில் கிடைக்கும். 10 லீற்றர் கொள்ளளவுச் சிலிண்டர் 150 பார் அழுத்தத்தில் நிரம்பியிருந்தால் 1,500 லீற்றர் ஒட்சிசன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லீற்றர் வீதம் எடுப்பவருக்கு இது 750 நிமிடம், அதாவது 12 மணித்தியாலத்துக்கும் சற்றுக் கூடுதலாக வரும். முள் பாதிக்கு இறங்கினால் நேரமும் பாதி. கடைசித் துளி வரை நம்பாமல், பத்து மணித்தியாலம் என்றே மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேற்றரையும் சாவியையும் சிலிண்டரோடேயே கட்டி வைக்க வேண்டும். இருட்டில் சாவியைத் தேடும் நேரம் விலை மதிப்பற்றது. சிலிண்டர் விழாதபடி சுவரோடு சங்கிலியால் கட்டியிருக்கவும் வேண்டும்.

நெபுலைசர் பயன்படுத்தும் பலருக்கு ஸ்பேசர் பூட்டிய இன்ஹேலர் அதே பலனைத் தரும். மருந்தும் அளவும் வைத்தியர் சொல்ல வேண்டியவை. கிளினிக் போகும் அடுத்த தடவையே 'கரண்ட் போனால் எத்தனை தடவை அடிக்கலாம்' என்று கேட்டு, கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பேசர் வாங்க முடியாவிட்டால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் துளையிட்டும் பயன்படுத்தலாம். தென்னாபிரிக்காவில் ஆஸ்துமா உள்ள சிறுவர்களிடம் நடத்திய ஆய்வு இதன் பயனை 1999இலேயே காட்டியது.

சளி உறிஞ்சுவதற்குக் காலால் மிதிக்கும் அல்லது கையால் இழுக்கும் பம்புகள் உண்டு. தொண்டைத் துளை உள்ளவரின் வீட்டில் மின்கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். வீட்டில் செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவரின் தலைமாட்டில் கையால் அழுத்தும் சுவாசப் பை தொங்க வேண்டும். அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் குறைந்தது இருவர் வீட்டில் இருக்க வேண்டும். ஒருவர் கை சோர்ந்தால் மற்றவர் தொடர வேண்டும்.

காற்றுப் படுக்கையில் இருப்பவருக்கு மாற்று, மனிதக் கைதான். பம்ப் நின்றவுடன் பல படுக்கைகளில் காற்று மெல்ல இறங்கத் தொடங்கும். உடம்பு இரும்புக் கட்டிலின் சட்டத்தில் அழுந்தும். உணர்வற்ற உடம்பு வலியைச் சொல்லாது. ஒரே இரவில் சிவந்த தோல் மாதக்கணக்கில் ஆறாத படுக்கைப் புண்ணாக மாறலாம். குழாயை இறுக்கி மூடக்கூடிய படுக்கையென்றால் மூடி, உள்ளே இருக்கும் காற்றைத் தக்கவைக்கலாம். எப்படியிருந்தாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். யார் எந்த நேரம் எழும்புவது என்று வீட்டார் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இன்சுலின் விடயத்தில் அச்சம் தேவையைவிட அதிகம். மூடிய குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் விட்டால் சுமார் நான்கு மணித்தியாலம் குளிர் நிற்கும். பாவனையில் உள்ள பெரும்பாலான இன்சுலின் வகைகளை 30 பாகைக்கு மேற்படாமல் நான்கு வாரம் வரை வெளியே வைத்திருக்கலாம். உங்கள் வகைக்கான நாட்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும். மன்னாரின் பகல் வெயில் 30 பாகையைத் தாண்டும் என்பதால் மண்பானை உதவும். பெரிய பானைக்குள் சிறிய பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரத் துணி, காற்றோட்டமான நிழல். கென்யாவின் டகாஹலி அகதி முகாமில் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், 25 முதல் 37 பாகை வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் இருந்த இன்சுலின் வீரியம் இழக்கவில்லை என்று தெரியவந்தது.

மீன் கொண்டுபோகும் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டும் வைக்கலாம். ஆனால் இன்சுலின் ஐசோடு நேரே படக்கூடாது. உறைந்த இன்சுலின் கெட்டது, உருகினாலும் அதை ஏற்றக்கூடாது. துணியில் சுற்றி, ஒரு மூடிய டப்பாவுக்குள் போட்டு, ஐசுக்குத் தள்ளி வையுங்கள். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தாலோ கட்டி தெரிந்தாலோ பயன்படுத்த வேண்டாம்.

பற்றரியும் இன்வேட்டரும்

கடையில் '100 அம்பியர் பற்றரி, நாள் முழுக்க ஓடும்' என்று சொன்னால் நம்புவதற்கு முன் கணக்குப் பாருங்கள். 12 வோல்ட், 100 அம்பியர் மணி பற்றரியில் 1,200 வாட் மணி மின்சாரம் இருக்கும். ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அது விரைவில் செத்துவிடும், ஆகவே பாவிக்கக்கூடியது 600. இன்வேட்டர் அதில் ஒரு பங்கைச் சூடாகவே இழக்கும். கடைசியில் கையில் வருவது சுமார் 500 வாட் மணி. இதைக் கருவியின் வாட்டால் வகுத்தால்:

- 350 வாட் ஒட்சிசன் செறிவாக்கி: ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவு.
- சூடாக்கி இல்லாத 40 வாட் சீபாப்: ஒரு முழு இரவு தாராளமாக.
- காற்றுப் படுக்கை பம்ப்: இன்வேட்டர் தனக்கென எடுப்பதையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு நாள்.

இரண்டு 150 அம்பியர் மணி பற்றரிகள் இருந்தால் அதே ஒட்சிசன் செறிவாக்கி நான்கு மணித்தியாலத்துக்குச் சற்று மேலே ஓடும். லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியை இன்னும் ஆழமாக இறக்கலாம். அதே 100 அம்பியரில் சுமார் இரண்டரை மணித்தியாலம் கிடைக்கும். விலை கூட, ஆயுளும் கூட.

வாகனத்திலோ ஓட்டோவிலோ இருக்கும் பற்றரி, இஞ்சினை ஸ்ராட் செய்ய ஒரு கணம் பெரிய மின்சாரம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. மணிக்கணக்காக மெல்ல மெல்ல இறக்கினால் சில தடவைகளிலேயே பழுதாகும். அவசரத்துக்கு ஒரு தடவை உதவும், அதையே நிரந்தர ஏற்பாடாக வைக்கக்கூடாது. கணினிக்கு விற்கும் சிறிய யு.பி.எஸ். ஒட்சிசன் செறிவாக்கியைச் சில நிமிடங்களே தாங்கும். மோட்டார் தொடங்கும்போதே அது நின்றுபோகவும் கூடும். சீபாப்புக்கோ படுக்கை பம்புக்கோ என்றால் அதே யு.பி.எஸ். பயனுள்ளது.

இன்வேட்டர் வாங்கும்போது 'பியூர் சைன் வேவ்' வகையா என்று கேளுங்கள். மலிவான சதுர அலை வகையில் மோட்டார் உள்ள கருவிகள் சூடேறி இரையும், காலப்போக்கில் பழுதாகும். மோட்டார் தொடங்கும் கணத்துக்கு மேலதிக வலு வேண்டும் என்பதால், 350 வாட் செறிவாக்கிக்குக் குறைந்தது 1,000 வாட் இன்வேட்டர் பொருத்தம். சீபாப்புக்கு அந்தக் கருவிக்கெனவே விற்கும் நேரடிப் பற்றரி வயர் கிடைத்தால் இன்வேட்டரே தேவையில்லை. வீணாகும் மின்சாரமும் மிச்சம்.

வீட்டில் முதியவர் தனியாக இருந்தால் தானாகவே மாறும் இன்வேட்டரே வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எழும்பி, இருட்டில் பிளக்கை மாற்ற அவரால் முடியாது. ஒட்சிசன் கருவியில் மின்சாரம் நின்றால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி வேலை செய்கிறதா என்று மாதம் ஒரு தடவை பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கருவி ஓடாமலிருக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு நோயாளியைச் சிலிண்டரில் வைத்துக்கொண்டால், சிலிண்டரும் சரியாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

கூரையில் சோலார் இருந்தும் இருட்டு ஏன்

மின்சார சபையின் வலையமைப்போடு மட்டும் இணைத்த கூரைச் சோலார், பற்றரி இல்லாவிட்டால், மின்தடையின்போது நடுப்பகல் வெயிலிலும் வேலை செய்யாது. அது பழுதல்ல. அறுந்த கம்பியைத் திருத்த ஏறும் ஊழியர் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக்கூடாது என்பதற்காகவே அது தன்னை நிறுத்திக்கொள்கிறது. தம்பபவனியின் காற்றாலைகளைப் போலவே அதுவும் வலையமைப்பை நம்பியே இயங்குகிறது.

மின்தடையில் சோலார் உதவ வேண்டுமானால் பற்றரியோடு இணைந்த ஹைபிரிட் இன்வேட்டர் தேவை. புதிதாகப் பொருத்துபவர்கள் ஒப்பந்தம் போடும் முன் 'கரண்ட் இல்லாத நேரத்தில் இது ஓடுமா, எந்த பிளக்கில் ஓடும்' என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 400 வாட் பனல் ஒன்று நல்ல வெயில் நாளில் ஒன்றரை யூனிட் அளவில் தரும். படுக்கை பம்ப், சீபாப், விளக்கு, தொலைபேசி ஆகியவற்றுக்கு இது போதும். நாள் முழுதும் ஓடும் ஒட்சிசன் செறிவாக்கிக்கு ஒரு பனல் போதாது. புயல் வரும் மாரி மாதங்களில் வெயிலும் குறைவு.

ஜெனரேற்றர்: உதவியும் நஞ்சும்

ஒரு நாளுக்கு மேல் நீளும் மின்தடையில் ஒட்சிசன் கருவியை ஓட வைக்கச் சிறிய பெற்றோல் ஜெனரேற்றர் உதவும். 1 கிலோவாட் அளவிலான ஜெனரேற்றர் மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் அளவில் குடிக்கும். பத்து மணித்தியாலத்துக்கு ஐந்து லீற்றர் வேண்டும். 2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்றவர்களுக்கு இதன் பொருள் தெரியும். மாதக்கணக்காக வைத்திருக்கும் பெற்றோல் கெட்டுப்போகும். பழையதை மோட்டார் சைக்கிளில் ஊற்றித் தீர்த்து, புதிதாக நிரப்பி வைக்க வேண்டும்.

ஜெனரேற்றர் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமோ நிறமோ இல்லை. தூக்கத்திலேயே கொல்லும். ஏற்கெனவே நுரையீரல் பலவீனமானவரை முதலில் தாக்கும். வீட்டுக்குள், விறாந்தையில், யன்னலோரத்தில் அதை ஒருபோதும் ஓட விடக்கூடாது. யன்னல் கதவுகளில் இருந்து குறைந்தது 6 மீற்றர் தள்ளி, முற்றத்தில் வையுங்கள். மன்னாரில் காற்றின் திசை பருவத்துக்குப் பருவம் மாறும். சோளகம் வீசும் மாதங்களில் புகையை வீட்டுக்கு அப்பால் கொண்டுபோகும் இடம், வாடைக் காற்றில் புகையை நேரே படுக்கையறைக்குள் தள்ளலாம். ஒவ்வொரு தடவையும் காற்றைப் பார்த்து இடத்தைத் தீர்மானியுங்கள்.

ஜெனரேற்றரை வீட்டுச் சுவர் பிளக்கில் செருகி முழு வீட்டுக்கும் மின்சாரம் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது வெளிக் கம்பிக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும், கம்பியில் வேலை செய்பவரைக் கொல்லும். கருவியை நேரே ஜெனரேற்றரோடு தடித்த வயரால் இணையுங்கள், அல்லது மின்னியலாளரைக் கொண்டு மாற்றுச் சுவிச் பூட்டுங்கள்.

ஒட்சிசனும் விளக்கும்

கரண்ட் போனவுடன் நம் கை தேடுவது மெழுகுதிரியையும் குப்பி விளக்கையும்தான். ஒட்சிசன் ஓடும் அறையில் அதுதான் மிகப் பெரிய ஆபத்து. ஒட்சிசன் தானாக எரியாது, ஆனால் துணி, மெத்தை, தலைமயிர் எதையும் கணத்தில் பற்றவைக்கும். மாதா படத்துக்கு முன் எரியும் திரியும் சாமித் தட்டில் எரியும் விளக்கும் இதற்கு விலக்கல்ல. அவற்றை வேறு அறைக்கு மாற்றுங்கள். அடுப்பு, நுளம்புச்சுருள், பீடி, சிகரெட் ஆகியவற்றுக்கும் இதுவே விதி. எல்.ஈ.டி. டோர்ச் அல்லது சார்ஜ் செய்யும் விளக்கு மட்டுமே அந்த அறையில் இருக்கட்டும்.

சிலிண்டர் வால்விலும் ரெகுலேற்றரிலும் எண்ணெய், கிறீஸ், வாஸ்லீன் எதுவும் படக்கூடாது. மூக்கு வறண்டால் வாஸ்லீனோ தைலமோ பூசாமல், நீரை அடிப்படையாகக் கொண்ட களிம்பை மருந்தகத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கருவி அனுப்புபவர்களுக்கு

கனடாவிலிருந்து அனுப்பப்படும் ஒட்சிசன் செறிவாக்கிகளில் பல 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டவை. இலங்கையில் இருப்பது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நேரே செருகினால் எரிந்துவிடும். ட்ரான்ஸ்போமர் பூட்டினால் வோல்ட் சரியாகும், ஹேர்ட்ஸ் மாறாது. மோட்டார் வேகம் குறைந்து, ஒட்சிசனின் செறிவும் குறையலாம். கருவி ஓடுகிறது என்பதற்காக நோயாளிக்குப் போதிய ஒட்சிசன் போகிறது என்று எண்ண முடியாது. பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் வாங்கும் கருவிகள் மின்சாரத்துக்குப் பொருந்தும், பிளக் மட்டும் மாறலாம். சீபாப் கருவிகளில் பல 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை. அனுப்பும் முன் தகட்டைப் படம் எடுத்து இங்குள்ள ஒருவரிடம் காட்டுங்கள்.

கருவிக்குப் பணம் அனுப்பும்போது பற்றரிக்கும் சிலிண்டருக்கும் சேர்த்து அனுப்புங்கள். மாற்று மின்சாரம் இல்லாத ஒட்சிசன் கருவி பாதி உதவிதான்.

உப்புக் காற்றில் பராமரிப்பு

கடலோர வீடுகளில் உப்புக் காற்று பற்றரி முனைகளைப் பச்சை பூக்க வைக்கும். மாதம் ஒரு தடவை துடைத்து, முனைகளில் மெல்லிய கிறீஸ் பூசலாம். பூசிய கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பிறகே ஒட்சிசன் சிலிண்டரைத் தொட வேண்டும். ஈயப் பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரில் உள்ள உப்பு பற்றரியைக் கெடுக்கும். பற்றரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயு வெளிவரும் என்பதால் அதை நோயாளியின் அறையில் வைக்காமல், காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வெப்பம் கூடினால் பற்றரியின் ஆயுள் குறையும். தகரக் கூரையின் கீழ் வைப்பது நல்லதல்ல. ஒட்சிசன் கருவியின் தூசு வடிகட்டியை வாரம் ஒரு தடவை கழுவிக் காயவைத்துப் போடுங்கள். மன்னாரின் மணல் அதை விரைவில் அடைத்துவிடும்.

மின்சாரம் திரும்பும் கணத்தில் வோல்ட் ஏறி இறங்கும். கரண்ட் போனவுடன் கருவியின் பிளக்கைக் கழற்றி, வந்த பிறகு பத்து நிமிடம் பொறுத்தே செருகுங்கள்.

எப்போது புறப்படுவது

இந்தக் கணக்குகள் எல்லாம் ஒரு முடிவுக்காகத்தான். வைத்தியசாலைக்கு எந்த நேரத்தில் புறப்படுவது? சிலிண்டர் தீர்ந்த பிறகு அல்ல. பயண நேரத்தையும் தடங்கலையும் கழித்து, இன்னும் பாதி மிச்சம் இருக்கும்போதே புறப்பட வேண்டும். தலைமன்னாரில் இருந்து மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். சிலாவத்துறை, விடத்தல்தீவு போன்ற பெருநிலப்பரப்புக் கிராமங்களில் இருந்து வருபவர்கள் மன்னார்ப் பாலத்தைக் கடக்க வேண்டும். அருவியாறு பெருக்கெடுக்கும் நாட்களில் வழியே மூடப்படலாம். புயல் எச்சரிக்கை வந்தால், மின்சாரம் இருக்கும்போதே, வீதி திறந்திருக்கும்போதே நோயாளியை நகருக்குள் உறவினர் வீட்டுக்கோ வைத்தியசாலைக்கோ மாற்றுவதுதான் பாதுகாப்பு.

ஒட்சிசன் அளவைப் பார்க்கும் விரல் மானி இருந்தால், எந்த எண்ணுக்குக் கீழே போனால் புறப்பட வேண்டும் என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அந்த எண் எல்லோருக்கும் ஒன்றல்ல. நாட்பட்ட சுவாசத்தடை நோய் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவான அளவே இலக்கு. பயத்தில் ஒட்சிசனைக் கூட்டித் திறந்தால் அவர்களுக்குத் தீங்காகலாம். மூச்சு முட்டினால் நிமிர்ந்து உட்காரவைத்து, நடமாட்டத்தைக் குறைத்து, சொன்ன அளவையே கொடுங்கள். உதடு நீலமானாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, அளவுக்கு மீறித் தூங்கி வழிந்தாலோ கணக்குப் பார்க்காமல் உடனே புறப்படுங்கள்.

சுவரில் ஒட்ட வேண்டிய எண்கள்: 1990 (சுவசெரிய அம்புலன்ஸ்), 1987 (இலங்கை மின்சார சபை), 117 (அனர்த்த முகாமைத்துவ நிலையம்). அவற்றின் கீழ் பக்கத்தில் உள்ள ஓட்டோக்காரர் ஒருவரின் எண்ணும், ஜெனரேற்றர் வைத்திருக்கும் அயலவரின் எண்ணும் இருக்கட்டும். தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரியும் மணித்தியாலக் கணக்கில்தான் தாங்கும். ஆகவே அழைக்க வேண்டியவர்களை முதல் மணித்தியாலத்திலேயே அழையுங்கள்.

ஊரில் ஒரு பெயர்ப் பட்டியல்

பிரித்தானியாவில் வீட்டில் மருத்துவக் கருவி வைத்திருப்பவர்கள் மின்விநியோக நிறுவனங்களின் முன்னுரிமைப் பதிவேட்டில் பெயர் கொடுக்கலாம். அவுஸ்திரேலியாவில் உயிர்காப்புக் கருவி உள்ள வீடுகளுக்கெனச் சட்டப் பாதுகாப்போடு தனிப் பதிவு உண்டு. திட்டமிட்ட மின்வெட்டு என்றால் அந்த வீடுகளுக்கு முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது.

மன்னாரில் இதைத் தொடங்கப் பெரிய செலவு தேவையில்லை. எந்தக் கிராம அலுவலர் பிரிவில், எந்த வீட்டில், என்ன கருவி, எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்ற நான்கு விவரங்கள் போதும். கிராம அலுவலரிடம், பிரதேச செயலகத்தில், அப்பகுதி மின்சார சபை அலுவலகத்தில், பொதுச் சுகாதார மருத்துவமாதுவிடம் ஒரே பட்டியல் இருந்தால், புயல் எச்சரிக்கை வரும் நாளில் யாரை முதலில் நகர்த்த வேண்டும் என்று தேட வேண்டியிராது. ஆலயமோ, கோவிலோ, பள்ளிவாசலோ, மீனவர் சங்கமோ சேர்ந்து இரண்டு சிலிண்டர்களையும் ஒரு ஜெனரேற்றரையும் பொதுவில் வைத்திருந்தால் பல வீடுகளின் செலவு மிஞ்சும். அதுவரை, வைத்தியரின் கடிதத்தின் பிரதியோடு ஒரு விண்ணப்பத்தை இந்த அலுவலகங்களுக்கு நீங்களே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்கி வையுங்கள்.

இன்று மாலையே செய்யக்கூடியது ஒன்று. கருவியின் பின்னால் உள்ள வாட்டையும், வீட்டில் உள்ள பற்றரியும் சிலிண்டரும் தாங்கும் மணித்தியாலத்தையும், புறப்பட வேண்டிய நேரத்தையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டுங்கள். வீட்டில் உள்ள சிறுவருக்கும் அது வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.